முதுகில் இருந்த முழங்கால்

கார்ஸ்மூர்,
செப்டம்பர் 14

மதிப்பிற்குரிய உறுப்பினர் திரு. டூகல் ஹாடோ அவர்களுக்கு,

பதினான்காம் நூற்றாண்டில் இனி எவரும் கில்ட் அணியக்கூடாது என்று கார்ஸ்மூர் ஈட்டிப்படைச் சங்கத்தின் சிறப்புக் கூட்டம் சென்ற வியாழக்கிழமை முடிவெடுத்துள்ளதைத் தங்களுக்கு அறிவிக்கக் கடமைப்பட்டுள்ளேன். விவாதம் நான்கு மணி நேரம் நடந்தது. ஆதரவு ஏழு, எதிர்ப்பு ஆறு. இந்நாட்டில் இதைவிடக் குறைந்த நேரத்தில் அரசர்கள் மாறியிருக்கிறார்கள்.

தீர்மானத்தை முழுமையாகத் தருகிறேன்:

‘ஆண்டுதோறும் ஜூன் மாதம் பொதுமக்கள் முன்னிலையில் எழுநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட ஸ்காட்டியக் காலாட்படையாக வேடமிட்டு நிற்கும் நம் உறுப்பினர்கள், அக்காலத்து ஏழை வீரன் உடுத்தியதையே உடுத்த வேண்டும். அதாவது லினன் சட்டை, தொடைவரை ஏறும் கம்பளிக் காலுறை, மேலே கம்பளிக் கழிவைத் திணித்துத் தைத்த மெத்தைச் சட்டை, தலையில் இரும்புத் தொப்பி. கில்ட் என்னும் மடிப்புப் பாவாடை இதற்கு ஏறக்குறைய முந்நூறு ஆண்டுகள் கழித்துத் தோன்றிய உடை. ஆகவே அது வருங்காலத்தைச் சேர்ந்தது; அனுமதிக்கப்படமாட்டாது.’

இறைச்சிக்கடை லாக்கி எதிர்த்துப் பேசினார். “காலுறை போட்ட நாப்பது பேர பாக்கறதுக்கு எவனும் பஸ் ஏறி வரமாட்டான்” என்றார். தலைவி கிரிசல் ஓரக் அதைக் குறிப்பேட்டில் எழுத வேண்டாம் என்றார். எழுதியிருக்கிறேன்.

இத்துடன் ஜூன் 22 விபத்து பற்றிய என் அறிக்கையை இணைத்துள்ளேன். முன்வரிசையில் மண்டியிட்டிருந்த தங்களுடைய கில்ட்டின் பின்மடிப்பு குதிகாலுக்கு அடியில் சிக்கியதால், தாங்கள் நிலைகுலைந்து மல்லாந்து விழுந்தீர்கள். குதிரைகளைத் தடுக்க ஈட்டிகளை வெளிப்பக்கம் நீட்டி நாம் நிற்கும் வட்டத்தில் இடைவெளி உண்டாயிற்று. அதனுள் குதிரை புகுந்தது என்பது அதன் சாரம். கீழே கையெழுத்திட்டு அனுப்பவும். காயமடைந்தவரே காரணத்தை ஒப்புக்கொண்டாலன்றி லாயக்காரி உனா ரென்னி அடுத்த ஜூனுக்குக் குதிரைகளைத் தரமாட்டாராம். குதிரைகள் இல்லையென்றால் நாற்பது பேர் ஈட்டியோடு வயலில் நின்று செம்மறியாடுகளை எதிர்கொள்ள நேரிடும்.

இப்படிக்கு,
ஆர்ச்சிபால்ட் மெல்ட்ரம்
செயலாளர்

பி.கு: இடுப்பு எப்படி இருக்கிறது?


லெர்விக்,
செப்டம்பர் 29

ஆர்ச்சி,

இருபத்தாறு வருஷம் என் முதுகில் முழங்காலை ஊன்றி நின்றவன் என்னைத் ‘தாங்கள்’ என்று எழுதியிருக்கிறான். உறை மாறிவிட்டதோ என்று முகவரியை இரண்டு தடவை பார்த்தேன்.

இடுப்பில் இரண்டு ஆணி. மாடிப்படி ஏற முடியாது என்பதால்தான் அக்கா இங்காவின் வீட்டுக்கு வந்தேன். உன்மேல் கோபித்துக்கொண்டு தீவுக்கு ஓடிவிட்டதாக லாக்கி சொல்கிறானாம், அதில் பாதிதான் உண்மை. ஆஸ்பத்திரியில் நீ ஒரே ஒரு தடவை வந்தாய். கட்டிலுக்கு நாலடி தள்ளி நின்றாய். தொப்பியைக் கழற்றவில்லை. போன் செய்யாதே, உன் குரலைக் கேட்டால் நான் வைத்துவிடுவேன். எழுது.

இந்த ஷெட்லண்ட் தீவு எனக்குச் சரியான இடமில்லை. எந்தப் பக்கம் திரும்பினாலும் குட்டைக் குதிரைகள். வேலிக்கு வந்து முகத்தை நீட்டுகின்றன. கடைக்குப் போக ஐந்து நிமிஷ வழி இருக்கிறது, நான் இருபது நிமிஷ வழியில் ஊன்றுகோலோடு போகிறேன். இங்கா சொன்னாள்: “குதிரைக்கு பயப்படற ஆள பாத்திருக்கேன்டா. குதிரை முன்னாடி வெக்கப்படறவன இப்பத்தான் பாக்கறேன்.” நான் கரண்டியைச் சுற்றிக்கொண்டே இருந்தேன். சூப் ஆறிவிட்டது.

அந்தக் குதிரை, மேவிஸின் முன்கால் ஈட்டிகளுக்குள் மாட்டி முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. நான் அதற்குப் பக்கத்தில்தான் கிடந்தேன். அதன் கண் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அப்புறம் தார்ப்பாயைப் பிடித்து மறைத்து, அது வலியில்லாமல் சாகக் கால்நடை மருத்துவர் ஊசி போட்டார். ஜனங்கள் கைதட்டினார்கள். நிகழ்ச்சியில் அதுவும் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். உனாவுக்கு இரண்டு மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பதில் இல்லை. நானாக இருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் ஒரு விஷயம். கில்ட் முழங்காலோடு நின்றுவிடுகிற துணி. அது எப்படிக் குதிகாலில் சிக்கியது என்று எனக்கு விளங்கவில்லை. நீ படித்தவன், உனக்குத் தெரிந்திருக்கும். எனக்கு நினைவிருப்பது வேறு. விழுவதற்கு முன்னால் முதுகு சட்டென்று குளிர்ந்தது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நீதானே சொல்வாய்: “முன்னாடி மண்டி போடறவன் பாக்கறது குதிரைய. ஆனா அவன் நம்பறது முதுகுல இருக்கற முழங்கால. அது அங்க இருக்கற வரைக்கும் அவன் அசைய மாட்டான். அவன் அசையாத வரைக்கும் குதிரை பத்தடி முன்னாடியே திரும்பிடும்.”

நீ எனக்கு நேர் பின்னால் நின்றாய். என்ன பார்த்தாய்? அதை மட்டும் உன் கையால் எழுது.

டூகல்


கார்ஸ்மூர்,
அக்டோபர் 11

அன்புள்ள டூகல்,

‘தாங்கள்’ என்று எழுதியதற்கு வருந்துகிறேன். செயலாளராக எழுதும்போது கை அப்படிப் பழகிவிட்டது.

உன் கேள்விக்கு வருமுன் கில்ட் பற்றிய ஐயத்தைத் தீர்த்துவிடுகிறேன். நிற்பவனுக்கு அது முழங்காலோடு நிற்கும். மண்டியிட்டுக் குதிகால்மேல் உட்காருபவனுக்குப் பின்மடிப்பு தரையைத் தொடும். ராணுவக் கில்ட் என்பதால் உன்னுடையதில் ஏழு கஜம் துணி, பெரும்பகுதி பின்னால்தான். அக்காலத்து வீரன் இறுக்கமான கம்பளிக் காலுறையை இடுப்புக் கயிற்றில் முடிந்திருந்தான். சிக்குவதற்கு அவனிடம் எதுவும் இல்லை. பதினோரு ஆண்டுகளாக நான் இதைத்தான் சொல்லி வருகிறேன். மெத்தைச் சட்டை பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஆண்டு புதிதாகத் தைத்த நான்கில் பஞ்சுக்குப் பதில் கம்பளிக் கழிவும் சணல் சிம்புமே வைத்திருக்கிறேன். நனைந்தால் ஆட்டு நாற்றம் அடிக்கிறது. வரலாறு அப்படித்தான் நாறியிருக்கும் என்று கிரிசலிடம் சொன்னேன். அவர் ஜன்னலைத் திறந்தார்.

இனி உன் கேள்வி. இரும்புத் தொப்பியின் விளிம்பு அகலமானது. அதை அணிந்தவனால் தனக்கு நேர் கீழே இருப்பதைச் சரியாகப் பார்க்க முடியாது. புழுதி வேறு. ஜூன் 22 அன்று மழை பெய்திருந்தது என்பதை அறிவேன். ஆயினும் புழுதி இருந்ததாகவே நினைவு. நான் பார்த்ததெல்லாம் அறிக்கையில் இருக்கிறது.

சங்கச் செய்தி ஒன்று. சனிக்கிழமைப் பயிற்சியில் உன் இடத்தில் லாக்கி மண்டியிட்டார். அவர் பின்னால் நிற்கும்படி என்னிடம் சொன்னார்கள். என் முழங்காலில் அண்மையில் வலி கண்டிருப்பதால் வில்லாளிகளோடு நிற்க அனுமதி கேட்டேன். அவர்கள் நிற்பது வட்டத்துக்கு நாற்பது அடி பின்னால்.

ஆர்ச்சி

பி.கு: இங்காவிடம் என் வணக்கத்தைச் சொல். ஆஸ்பத்திரியில் தொப்பியைக் கழற்றாதது கவனக்குறைவு.


லெர்விக்,
நவம்பர் 2

ஆர்ச்சி,

கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று நான் கட்டியிருந்த அப்பாவின் கில்ட்டையே கட்டிக்கொண்டு இங்காவின் சமையலறையில் மண்டி போட்டேன். ஆணி போட்ட இடுப்போடு மண்டி போடுவது எப்படி என்று கேட்காதே. ஈட்டிக்குப் பதில் துடைப்பம். பின்னால் சரிந்து பார்த்தேன். மடிப்பு சிக்கவில்லை. மறுபடி செய்தேன். பதினோரு தடவை. ஒரு தடவைகூடச் சிக்கவில்லை. பன்னிரண்டாவது தடவைக்கு இங்கா துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டாள். “குதிரையும் செத்துப்போச்சு, நீயும் சாகணுமா?” என்றாள்.

ஆனால் சமையலறை சமையலறைதான். அங்கே குதிரை வரவில்லை. நிஜத்தில் பயத்தில் குதிகால் எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்? அதனால் இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். முதுகு குளிர்ந்தது என்றால் ஒன்று நான் உன் முழங்காலிலிருந்து நழுவியிருக்க வேண்டும், இல்லை உன் முழங்கால் என்னிடமிருந்து போயிருக்க வேண்டும். இருபத்தாறு வருஷத்தில் அது ஒரு தடவைகூடப் போனதில்லை. அந்த ஆலங்கட்டி மழை வருஷம் வட்டமே கலைந்து எல்லாரும் கூடாரத்துக்கு ஓடினார்களே, அப்போதும் நீ என் பின்னால் நின்றுகொண்டு, “கேப்டன் ‘எழு’ன்னு சொல்லலடா” என்றாய். ஆகவே நான்தான். கணக்கு அவ்வளவுதான். முட்டாள்தனமாக உன்னைக் கேட்டதற்கு வெட்கப்படுகிறேன்.

கில்ட்டையும் இந்தப் பார்சலிலேயே வைத்திருக்கிறேன். அப்பா ரெஜிமெண்டில் இருந்தபோது கட்டியது. எனக்குத் தெரிந்து அவர் அழகாக இருந்த ஒரே உடை. அதை வெட்டி உன் காலுறைகளைத் தைத்துக்கொள். இந்த வீட்டில் அது தொங்குவதைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. நீ சொன்னபோதே கேட்டிருந்தால் மேவிஸ் இன்றைக்குப் புல் தின்றுகொண்டிருக்கும்.

டூகல்


கார்ஸ்மூர்,
நவம்பர் 20

டூகல்,

இந்தக் கடிதத்தை ஏழு தடவை தொடங்கிவிட்டேன். முந்தைய ஆறும் நல்ல நடையில் இருந்தன, அதனால் கிழித்தேன்.

உன் கில்ட் சிக்கவில்லை. என் முழங்கால் போய்விட்டது.

நடந்தது இது. எட்டுக் குதிரைகள் வந்தன. மற்றவை வழக்கம்போல் திரும்பின. மேவிஸ் மட்டும் ஈரத் தரையில் சற்று வழுக்கி இன்னும் நேராக வந்தது. எப்போதும்போல் அதுவும் திரும்பியிருக்கும். அதன் மூக்குத் துளைகள் எனக்குத் தெரிந்தன. மிக உள்ளே, இளஞ்சிவப்பாக. அவ்வளவுதான் எனக்கு நினைவிருக்கிறது. அடுத்து நினைவுக்கு வருவது, நான் தின்பண்டம் விற்கும் கூடாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறேன். என் ஈட்டி கையில் இல்லை. கூடாரம் வட்டத்துக்குப் பின்பக்கம் இருக்கிறது, டூகல். நான் திரும்பி ஓடியிருக்கிறேன். பிறகு அளந்தேன்: ஒன்பது அடி. புழுதி இல்லை. தொப்பி விளிம்பும் எதையும் மறைக்கவில்லை.

ஓடியதை என்னால் ஒருவேளை யாரிடமாவது சொல்லியிருக்க முடியும். அறுபத்து மூன்று வயதுக்காரன் குதிரையைக் கண்டு ஓடுவதில் வியப்பில்லை. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்ல முடியவில்லை. உன்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கிரிசல் என்னிடம், “எப்படி ஆர்ச்சி ஆச்சு?” என்று கேட்டார். நான் தரையைப் பார்த்தேன். உன் இடுப்பைப் பார்க்க அவர்கள் அவிழ்த்துப் போட்ட கில்ட் சேற்றில் விரிந்து கிடந்தது. “கில்ட்” என்றேன். அந்த ஒரு சொல் எவ்வளவு எளிதாக வந்தது தெரியுமா? பதினோரு ஆண்டுகளாக எந்தக் கேள்விக்கும் என் பதில் அதுதானே. உடனே எல்லாரும் தலையாட்டினார்கள். அன்று இரவு அறிக்கை எழுதியபோது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு குதிரை இறந்திருக்கிறது, நீ அறுவை அறையில் இருக்கிறாய், நான் விவாதத்தில் வென்றுவிட்டேன் என்று மகிழ்ந்தேன். அரை மணி நேரம் இருக்கும். அந்த அரை மணி நேரத்தைத்தான் என்னால் எங்கேயும் வைக்க முடியவில்லை.

உன் கையெழுத்து வந்த அன்றே அதை உனாவுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். ஆம், உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் அனுப்பினேன். உன் சமையலறைத் துடைப்பம் பத்து நாள் கழித்துத்தான் என்னை எழுப்பியது. பதினோரு தடவை. ஆணி போட்ட இடுப்போடு.

முந்தாநாள் லாயத்துக்குப் போனேன். உனா சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள். தொப்பியைக் கழற்றிவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மண்வெட்டியை நிறுத்தவில்லை.

“தெரியும்” என்றாள்.

எப்படி என்று கேட்டேன்.

“அன்னிக்கு குதிரை மேல உக்காந்திருந்தவளுக்கு எல்லாந்தான் தெரியும். உங்க முதுகுதான் தெரிஞ்சுது. மேவிஸ் யாரயும் குத்த வரல, சார். பயந்துபோய் வழி தேடுச்சு. நீங்க ஓடின எடத்துல வழி இருந்துது. அது உள்ள வந்துடுச்சு.”

அப்படியானால் டூகலின் கடிதங்களுக்கு ஏன் பதில் எழுதவில்லை என்றேன்.

“என்னன்னு எழுதறது? ‘பரவால்ல’ன்னா பொய். ‘நீங்க பண்ணல’ன்னா யார் பண்ணாங்கன்னு சொல்லணும். அத நான் ஏன் சொல்லணும்? அடிபட்டவர்கிட்ட பொய்க்கு கையெழுத்து கேக்க கூசி, உங்க வாயால உண்மை வரட்டும்னுதான் அவரு கையெழுத்த கேட்டேன். நீங்க அதயும் வாங்கி தபால்ல அனுப்பறீங்க.”

பிறகு என்னைத் தள்ளி நிற்கச் சொன்னாள். நான் நின்றிருந்த இடத்தில் சாணம் இருந்தது.

ஜனவரிக் கூட்டத்தில் உண்மையை வாசிக்கப்போகிறேன். மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்டால் நீ கொடுத்துவிடுவாய் என்று அஞ்சுகிறேன்.

ஆர்ச்சி


லெர்விக்,
டிசம்பர் 4

ஆர்ச்சி,

கொடுக்க மாட்டேன். அந்த அச்சம் உனக்கு வேண்டாம்.

உன் கடிதத்தை மூன்று நாள் வைத்துப் படித்தேன். இங்காவும் படித்தாள். “இவன் எழுத்து நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவளுக்கு உன்னைப் பிடித்ததே இல்லை.

நீ ஓடியது எனக்குப் பெரிதில்லை. நானும் ஓடியிருப்பேன், மண்டி போட்டிருந்ததால் முடியவில்லை. ஆனால் ஐந்து மாசம் என்னைக் குதிரைகளைச் சுற்றி நடக்க விட்டாய். நான் முதுகு குளிர்ந்தது என்று எழுதினேன். நீ எனக்குச் சணல் சிம்பு பற்றி எழுதினாய். தூக்கத்தில் மேவிஸிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தேனாம், இங்கா சொல்கிறாள். அதையெல்லாம் எந்தக் குறிப்பேட்டில் எழுதுவாய்?

இன்றைக்கு ஐந்து நிமிஷ வழியில் கடைக்குப் போனேன். ஒரு குட்டைக் குதிரை வேலியில் முகத்தை நீட்டியது. நின்றேன். என் சட்டைப் பையில் ஓட் பிஸ்கட் இருந்தது. அது அதைத் தின்றுவிட்டு, வேறொன்றும் இல்லை என்று தெரிந்ததும் போய்விட்டது. இதை உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்று தெரியவில்லை. சொல்ல வேறு ஆள் இல்லை, அதுதான் கேவலம்.

இரண்டு விஷயம். கூட்டத்தில் நின்றுகொண்டு படி. உட்கார்ந்து படிக்காதே. நடுவில் வரலாறு சொல்லாதே.

இரண்டாவது, அப்பாவின் கில்ட்டைத் திருப்பி அனுப்பு. அது ஒரு தப்பும் செய்யவில்லை.

டூகல்


கார்ஸ்மூர்,
ஜனவரி 19

அன்புள்ள டூகல்,

நின்றுகொண்டு படித்தேன். வரலாறு எதுவும் சொல்லவில்லை. பன்னிரண்டு பேர் கேட்டார்கள். முடித்தபோது கிரிசல் தேநீர் வைக்க எழுந்தார். தண்ணீர் கொதிக்கும்வரை அங்கேயே நின்றார். லாக்கி மட்டும் என்னைப் பார்த்து, “கில்ட் மேல பழியப் போட்டியாடா, ஆர்ச்சி? பாவம், அதுக்கு வாயில்ல” என்றார். எவரும் சிரிக்கவில்லை. லாக்கியும் சிரிக்கவில்லை.

பிறகு சங்கம் இதை முறைப்படி எடுத்துக்கொண்டது. என் வாக்குமூலத்தை ‘உடை’ கோப்பில் வைப்பதா, ‘போர்முறை’ கோப்பில் வைப்பதா என்று நாற்பது நிமிடம் விவாதம் நடந்தது. பழைய அறிக்கை ‘உடை’யில் இருப்பதால் இதுவும் அங்கேயே என்று எட்டுக்கு ஐந்தில் முடிவாயிற்று. காரணமே பொய்யென்று ஆகிவிட்டதால் கில்ட் தடையை நீக்க வேண்டும் என்று லாக்கி தீர்மானம் கொண்டுவந்தார். ஆறுக்கு ஆறு; சமம் என்பதால் தோற்றது. நான் எந்தப் பக்கமும் கை தூக்கவில்லை. ஒரு கை தூக்கியிருந்தால் அது வென்றிருக்கும் என்பதை எண்ணி முடித்த பிறகு உணர்ந்தேன். செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகச் சொன்னேன். குறிப்பெழுத வேறு ஆள் இல்லை என்று மறுத்துவிட்டார்கள். இந்த அவமானத்தையும் நானே குறிப்பெடுத்தேன். எழுத்துப் பிழை இல்லாமல்.

உனா ஏழு குதிரைகளைத் தருகிறாள். ஒரே நிபந்தனை: ஜூனில் முன்வரிசையில், உன் இடத்தில், நான் மண்டியிட வேண்டும். ஒப்புக்கொண்டேன். எனக்குப் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று கிரிசல் கேட்டார். கை எதுவும் உயரவில்லை. அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

உனா உனக்கு எழுதுவதாகச் சொன்னாள். எழுதியிருப்பாள்.

கில்ட்டைக் கேட்டிருந்தாய். சென்ற கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கையெழுத்தும் அதுவும் நவம்பர் 7ஆம் தேதி ஒரே பார்சலில் வந்தன. கையெழுத்தை அன்றே அனுப்பினேன். கில்ட்டை மறுநாள் காலை வெட்டிவிட்டேன். இரண்டு ஜோடிக் காலுறைகள் வந்தன. ஒரு ஜோடி உன் அளவு. தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன்.

ஆர்ச்சி